நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் படகுகளுக்குப் பெயின்ட் பூசியே தலை நரைத்தவர்

ஐயா, நான் ஊர்காவற்றுறையில் இருக்கிறேன். போன வருடம் நீர்கொழும்பில் ஒருவரிடம் 22 அடி ஃபைபர் கிளாஸ் ஸ்பீட் போட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 1990களில் கட்டியது என்றார். பக்கங்களின் நீல நிறம் வெளுத்துக் கிடக்கிறது. கை வைத்தால் மாவு போல ஒட்டுகிறது. ஜெட்டியில் உரசிய இரண்டு மூன்று இடங்களில் முன்பு வைத்திருந்தவர் வீட்டுக் கதவுக்குப் பூசும் எனமலைத் தடவியிருக்கிறார். அது தோல் தோலாக உரிகிறது. முழுப் படகுக்கும் பூச இப்போது கையில் காசு இல்லை. உரிந்த இடங்களை மட்டும் சரிசெய்யலாமா?

செய்யலாம் தம்பி. ஆனால் கடைக்குப் போகுமுன் படகின் பக்கத்தில் சுட்டுவிரலைத் தேய்த்து நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் அன்றைக்குப் பூச்சு வேலை கிடையாது, கழுவும் வேலைதான். இதை நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் செய்யுங்கள். கீழே செம்பு கலந்த பெயின்ட் இருக்கலாம், அது வாய்க்கு ஆகாது. என்னிடம் வேலை பழக வந்த பையன்கள் எல்லோரும் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். தாங்கள் பூசிய இடம் கொப்பளித்த பிறகு அவர்களும் விரலை நாக்கில் வைக்கத் தொடங்கினார்கள்.

பெயின்டின் அடியில் உப்பு சிக்கிக்கொண்டால் அது சும்மா கிடக்காது. ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும். பூசிய படலம் வெளியே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் ஈரம் அதனூடாக மெல்ல உள்ளே போய் உப்போடு சேரும். சேர்ந்த இடத்தில் மிளகளவு கொப்புளம் எழும்பும். ஊசியால் குத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரும்.

காரைநகரில் நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் ஃபைபர் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் இந்தத் தொழிலில் கால் வைத்தேன். அப்போது தீவுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் வள்ளத்துக்குத் தனியாகப் பூசும் வேலை கிடைத்தது. முதல் தனி வேலை. வாளி வாளியாக இறைத்து இரண்டு தரம் கழுவினேன். மூன்று கிழமையில் பக்கம் முழுக்க வேர்க்குரு போட்ட முதுகு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக் குடிக்கத் தந்தார். உவர். உப்பை உப்புத் தண்ணீரால் கழுவியிருக்கிறேன்! ஊர்காவற்றுறையில் இருப்பவருக்கு உவர்க் கிணற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதற்கழுவல் எந்தத் தண்ணீராகவும் இருக்கட்டும். கடைசிக் கழுவல் குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும். கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. எங்கள் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல் என்பதால், உவர் இல்லாத கிணற்றுத் தண்ணீர்கூடக் காயும்போது வெள்ளைப் புள்ளி விடும். நீலப் படகில் அது நன்றாகவே தெரியும். ஆகவே கழுவியதும் துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது, அங்கே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். மாவு போல ஒட்டுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது பெயின்டே இல்லை, ஜெல்கோட். படகை அச்சில் வார்க்கும்போது முதலில் அடிக்கும் நிறம் சேர்த்த ரெசின். ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பு. வெயில் அதன் மேற்பரப்பைத் தின்றுவிட்டால் நிறப்பொடி பிடிமானமற்று வெளியே நிற்கும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். ஆனால் நீர்கொழும்புக்காரர் ஒரு காலத்தில் முழுப் படகுக்கும் பெயின்ட் பூசியிருக்கவும் கூடும். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு இளகி நிறம் துணியில் ஏறினால் அது எதையும் கலக்காமல் ஒரே டின்னிலிருந்து பூசும் ‘ஒரு டின்’ பெயின்ட், எனமல் வகை. இறுக வைக்கும் ஹார்ட்னரை இன்னொரு டின்னிலிருந்து கலந்து பூசும் ‘இரண்டு டின்’ பெயின்ட் அசையாது. ஜெல்கோட்டும் இளகாது, வெளுத்த பொடி மட்டும் துணியில் படியும். அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். உடனே அடியில் வேறு நிறம் தலைகாட்டினால் பெயின்ட், ஒரே நீலமாகப் போய்க்கொண்டே இருந்தால் ஜெல்கோட். இதைப் பார்க்காமல் எனமலுக்கு மேலே இரண்டு டின் பெயின்டைப் பூசினால், அதிலுள்ள தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பி, பால் ஆடை போலச் சுருக்கிவிடும்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் தின்னருக்கு எங்கே போவது? பெட்ரோலே போத்தலில் அளந்து விற்ற காலம். கைக்குக் கிடைத்த மண்ணெண்ணெயால் துடைத்தோம். தடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பூசுமுன் மண்ணெண்ணெயால் துடைக்கிறவர்களைக் கரையில் பார்க்கிறேன். அது எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். அதன் மேலே எதுவும் ஒட்டாது.

பழைய மெழுகும் அப்படித்தான். கழுவிய இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே தாளாகப் படர்ந்து நின்றால் சரி. சேம்பிலையில் விழுந்தது போல முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. சான்ட் பேப்பர் போடுவதற்கு முன்பே அதை எடுக்க வேண்டும். தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஒரு கையில் தின்னர் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. நனைத்ததைப் போட்ட அடுத்த கணம், அது ஆவியாகுமுன், காய்ந்ததால் எடுங்கள். துணியைத் திருப்பித் திருப்பி, அடிக்கடி மாற்றுங்கள். பழைய வெள்ளை வேட்டியைப் போல வராது. நிறச் சாரம் வேண்டாம், சாயம் இறங்கும்.

இப்போது உரிந்த எனமல். கத்தியால் வருவதையெல்லாம் எடுத்துவிட்டு 180 நம்பர் சான்ட் பேப்பரில் தொடங்கி 320இல் முடியுங்கள். எனமலின் விளிம்பு எங்கே முடிகிறது, படகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குச் சரிவாகத் தேய வேண்டும். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு விரல் நுனிகளையும் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகக்கண்ணில் தட்டுப்படும் சின்ன மேடு, பெயின்ட் பூசி மினுக்கம் வந்தபின் பத்து மடங்காகத் தெரியும்.

உரசல் ஆழமாகி ஃபைபரின் நூல் தெரிந்தால் எபொக்சி பட்டியால் நிரப்புங்கள். வான் தட்டும் கராஜில் கிடைக்கிற பட்டி மலிவுதான், ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும். கார் கதவுக்குச் சரி, கடலில் நிற்பதற்கு ஆகாது. பட்டி இறுகியதும் தேய்த்து, எபொக்சி பிரைமர் ஒரு கை. பிறகுதான் நிறம்.

நிறம் பொருத்துவதில்தான் ஆட்கள் கண்ணீர் விடுவார்கள். டின்னில் உள்ள நீலம் புது நீலம், உங்கள் படகு முப்பது வருடம் வெயில் குடித்த நீலம். அதனால் பூசுமுன் பக்கங்களைக் கொம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டு மாவை நீக்கிவிடுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் உண்மையான நிறம் வெளியே வரும். அதற்குத்தான் பொருத்த வேண்டும். மெழுகு போடுவது மட்டும் பூச்சு முடிந்து இறுகிய பிறகு. நீலத்தில் சொட்டுச் சொட்டாக வெள்ளையும், ஊசிமுனையளவு கறுப்பும் சேர்த்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டில் தடவிக் காயவிட்டு, படகின் மேல் வைத்து வெயிலில் பாருங்கள். ஈர நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், காய்ந்தால் மாறும். எப்படிப் பொருத்தினாலும் நடுப்பக்கத்தில் ஒரு தீவு மாதிரி நிறுத்தினால் தெரியும். மேலே விளிம்புக் கட்டை, கீழே நீர்க்கோடு, பக்கத்தில் ஏதாவது வரி அல்லது எழுத்து என்று இயற்கையாக முடியும் இடம்வரை கொண்டுபோய் மாஸ்கிங் டேப் ஒட்டி முடியுங்கள். (பதிவு இலக்கத்தின் மேல் பூசிவிடாதீர்கள். பூசியவர் ஒருவரைத் தெரியும்; கடலில் மறித்தபோது விளக்கம் சொல்லி முடிக்க அரை நாள் போனது.)

தடிப்பாக ஒன்று வேண்டாம். மெல்லியதாக இரண்டு, தேவையானால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே டின்னில் போட்டிருக்கும் நேரம் விடுங்கள். உங்கள் நிலைமைக்கு நல்ல படகு எனமல், அந்த ஒரு டின் வகையே போதும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும். ஆறடி தள்ளி நின்றால் எனக்கே தெரியாது.

எப்போது பூசுவது? சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வேண்டாம், தூசி. மாரியில் பேச்சே இல்லை. மாசி, பங்குனிதான் என்னுடைய மாதங்கள். ஆனால் “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பார்கள். மச்சைத் துளைக்கிற பனிக்கு உங்கள் படகு எந்த மூலைக்கு? காலையில் ஈரத் துணியால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டு ஒரு வெற்றிலை போடுங்கள். கால் மணி நேரத்துக்குள் ஈரம் காய்ந்தால் தொடங்கலாம். உச்சி வெயிலில் படகு சுடும்போது தூரிகை இழுபடும்; பின்னேரம் பிந்திப் பூசினால் இரவுப் பனி மினுக்கத்தைக் குடித்துவிடும். கிடுகுக் கொட்டிலுக்குள் வைத்துப் பூசுவது நல்லதுதான், ஆனால் கிடுகிலிருந்து தூள் கொட்டும். உள்ளே ஒரு பழைய படங்கைக் கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐயா, மயிலிட்டியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இரண்டு டின் கலக்கும் பெயின்டை வீட்டு முற்றத்தில் வைத்துப் படகுகளுக்கு ஸ்பிரே அடிக்கிறார். முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டுவார். இரண்டு மாதமாக இரவில் இருமலும் இழுப்பும். பெயின்டால்தானா என்று கேட்டால், “மணமே இல்லாத பெயின்ட், ஒன்றும் செய்யாது” என்கிறார்.

தங்கச்சி, இந்தப் பக்கத்தைக் கிழித்து அவருடைய ஸ்பிரே கன்னில் சுற்றி வையுங்கள். இரண்டு டின் பொலியூரிதேன் பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அது புகை போலப் பரவி நெஞ்சுக்குள் போகும். ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். அந்தக் குறி அழியாது. மணம் இல்லை என்பதுதான் அதன் ஆபத்தே; இருக்கிறது என்று மூக்கு சொல்லாது.

கைக்குட்டை மட்டுமல்ல, மருந்துக்கடை முகக்கவசமும் இதற்கு வேலி ஆகாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடியோடு, தனி அறையில் அடிக்க வேண்டிய பெயின்ட் அது. முற்றத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடிப்பதற்கில்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் இழுப்பு வருகிறது என்றால் வைத்தியரிடம் போய், என்ன பெயின்ட் என்பதையும் சொல்லுங்கள். டின்னைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். வைத்தியர் ஆமென்று சொன்ன பிறகு ஒரு டின் பெயின்டை எடுத்து ரோலரால் உருட்டி, ஈரம் காயுமுன் நுனி மெல்லிய தூரிகையால் மேலாக ஒருமுறை நீவிவிடட்டும். கண்ணாடி போல வரும். நான் அப்படித்தான் பூசுகிறேன். என்னோடு வேலை பழகி, ஸ்பிரேயில் காசு கண்ட ஒருவன் இன்று மாடிப்படி ஏற மாட்டான். அவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன்.

நெடுந்தீவிலிருந்து: எங்கள் அப்பு மர வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார், ஓட்டைகளுக்குக் குங்கிலியம் வைப்பார். பழைய ஃபைபர் வள்ளத்தின் அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் பூசலாமா? பாசி அதிகம் பிடிக்கிறது.

மரம் எண்ணெயைக் குடிக்கும், ஃபைபர் குடிக்காது. பூசினால் மேலே நின்று வழுக்கும், நாளைக்கு நீங்கள் பூச நினைக்கிற பெயின்டையும் ஒட்டவிடாது. அப்பு செய்தது அப்புவின் வள்ளத்துக்குச் சரி.

தினமும் கரையில் இழுத்து வைக்கிற வள்ளமானால் அடிக்கு எதுவும் வேண்டாம். இழுத்ததும் தேங்காய்த் தும்பால் தேய்த்துவிட்டால் போதும், காய்ந்த பாசி பிறகு சீமெந்து மாதிரி. இறங்குதுறையில் கட்டியே கிடப்பதானால் செம்பு கலந்த அன்டிஃபவுலிங் பெயின்ட் தேவை. அது கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை நீரில் விட்டு, பாசியையும் சிப்பியையும் ஒட்டவிடாமல் செய்கிறது. முன்னொரு காலத்தில் இதற்குத் தகரச் சேர்மம் கலந்த பெயின்ட் இருந்தது. நன்றாகவே வேலை செய்தது, சிப்பி நத்தை வகைகளையும் நன்றாகவே கெடுத்தது. 2001இல் சர்வதேச உடன்படிக்கை போட்டு, 2008இலிருந்து அதைத் தடுத்துவிட்டார்கள். மூலையில் கிடக்கும் பழைய டின்னை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். இருக்கிற பழைய அடிப்பூச்சைக் காய்ந்தபடி தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நஞ்சு. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கழிவைப் படங்கில் ஏந்தி எடுங்கள். மணலில் விட்டால் அலை கொண்டுபோய் உங்கள் இறாலுக்கே கொடுக்கும்.

கனடா ஸ்காபரோவிலிருந்து: எங்களிடம் 1988ஆம் ஆண்டு வெள்ளைப் படகு இருக்கிறது. பக்கங்களுக்கு இரண்டு டின் பெயின்ட் பூசி ஆறு வருடம். ஏரியில் ஓட்டுவது, உப்பு இல்லை. குளிர் காலத்தில் சுருங்கும் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி வைத்தோம். இளவேனிலில் பிரித்தபோது பெயின்டில் கொப்புளங்கள்.

உப்பு இல்லை, ஈரம் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் பெயின்டோடு ஒட்டிக் கிடந்து, இடையே சிக்கிய ஈரம் மாதக்கணக்கில் வெளியேற வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. சுற்றுவதானால் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய பஞ்சுத் துணி கொடுங்கள், காற்று போக ஓட்டைகள் விடுங்கள். இப்போதைக்குப் படகை நன்றாகக் காயவிடுங்கள். சின்னக் கொப்புளங்கள் சில சமயம் தானே அமிழும். அமிழாததைத் தேய்த்து எடுத்துத்தான் பூச வேண்டும்.

மினுக்கம் குறைந்த இடங்களில் கொம்பவுண்ட் இயந்திரத்தை ஓட்டுமுன் என்ன வகைப் பெயின்ட் என்று பூசியவரிடம் கேளுங்கள். அக்ரிலிக் வகையானால் தேய்த்து மெருகேற்றலாம். பொலியெஸ்டர் வகையில் மினுக்கம் தருவதே மேலே மிதந்து நிற்கும் மெல்லிய தெளிந்த படலம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு வேகமாக மங்கும். அதற்கு மென்மையான சோப்பும் தண்ணீரும் மட்டும். அங்கே நல்ல தண்ணீர் குழாயில் வருகிறது, கொடுத்து வைத்தவர்.

பருத்தித்துறையிலிருந்து: அவுட்போட் எஞ்சினின் கால் (தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதி) சுரண்டுப்பட்டிருந்தது. படகின் அடிக்குப் பூசி மிஞ்சிய செம்புப் பெயின்டையே அதற்கும் பூசினேன். காலில் பொருத்தியிருக்கும் சின்னச் சாம்பல் நிறக் கட்டியையும் அழகுக்காகச் சேர்த்துப் பூசிவிட்டேன். பரவாயில்லையா?

இரண்டும் பிழை தம்பி. எஞ்சினின் கால் அலுமினியம். செம்பும் அலுமினியமும் கடல் நீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிந்து போகும். அந்தச் சாம்பல் கட்டி பெரும்பாலும் துத்தநாகம். காலுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அங்கே வைத்திருக்கிறார்கள். அதை மூடிப் பூசினால் அது கரையாது, கால் கரையும். கட்டியின் மேலுள்ள பெயின்டைக் கம்பித் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது மாற்றுங்கள். காலில் பூசிய செம்பு முழுவதையும் எடுத்துவிட்டு, அலுமினியத்துக்கென்று விற்கும் பிரைமர், அதன் மேல் எஞ்சின் பெயின்ட். நாளைக்குக் கடலுக்குப் போவதானால் கட்டியை மட்டுமாவது இன்றிரவே சுரண்டிவிடுங்கள்.